தானாக விடுவதா, பறித்துக் கொடுப்பதா?

ஒரே சிபியுவைப் பல ப்ராசஸ்கள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்கள், பகிர இரண்டு வழிகள் உண்டு. ஒத்துழைப்பு முறையில், ஓடும் ப்ரோகிராம் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு வாய்ப்பு. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் விண்டோஸ் ப்ரோகிராம்கள் இப்படித்தான் ஓடின. ஒன்று முடிவில்லா லூப்பில் மாட்டினால் மற்றவையும் உறைந்துவிடும்.

பறிக்கும் முறையில், வன்பொருள் டைமர் அவ்வப்போது சிபியுவை இடைமறித்து, கட்டுப்பாட்டை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் தருகிறது. கெர்னல் ஓடிய ப்ராசஸின் ரெஜிஸ்டர்களை (சிபியுவுக்குள் இருக்கும் சிறு நினைவிடங்களை) சேமித்துவிட்டு அடுத்ததை ஏற்றுகிறது. அந்த இடைமறிப்பை அணைக்கும் கட்டளை கெர்னல் மோடில், அதாவது கெர்னலுக்கான முழு அதிகார நிலையில், மட்டுமே செல்லும். சாதாரண ப்ரோகிராம் முயன்றால் சிபியுவே மறுத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. மாற்றி மாற்றி ஏற்றுவதில் கொஞ்சம் நேரம் போகும், சரி. ஆனாலும் பொதுவான கணினிக்கு நான் இதைத்தான் சொல்வேன். எல்லா நிரலும் நாமே எழுதிய சின்ன மைக்ரோகண்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி) என்றால் முதல் முறையே பல நேரம் போதும்.