வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட்: முன்பதிவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பழைய கேமைப் புதுசாக்கித் தருகிறோம், இப்போதே பணம் கட்டுங்கள் என்று எந்த ஸ்டூடியோ சொன்னாலும் கொஞ்சம் பொறுங்கள்.

2002இல் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட கம்ப்யூட்டர் வியூக கேம் வார்கிராஃப்ட் 3. ஆடியவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற டோட்டா கேம் பிறந்ததே, அதற்கு ரசிகர்கள் செய்த ஒரு மேப்பில் (ஆடுகளத்தில்) தான். அதை ‘ரீஃபோர்ஜ்ட்’ என்ற பெயரில் மெருகேற்றி வெளியிடப் போவதாக பிளிஸார்ட் 2018 நவம்பரில் தன் ரசிகர் விழாவான பிளிஸ்கான் மேடையில் அறிவித்தது. அங்கே காட்டிய டெமோவில், ஸ்ட்ராத்ஹோம் நகர வாசலில் ஆர்தஸ், உதர் என்ற இரு கதாபாத்திரங்களும் மோதிக்கொள்ளும் வாக்குவாதம் சினிமா மாதிரியே இருந்தது. கேமரா முகத்துக்கு அருகில் போகும், கோணம் மாறும். நான்கு மணி நேரத்துக்கு மேலான காட்சிகளைப் புதுப்பிக்கிறோம் என்றார்கள். முன்பதிவும் கையோடு தொடங்கிவிட்டது. விலை 30 டாலர், கொசுறு அலங்காரங்களோடு 40.

2019இல் வரவேண்டியது 2020 ஜனவரி 28இல் வந்தது. அதே ஸ்ட்ராத்ஹோம் காட்சியில் கேமரா பழையபடி உயரத்திலேயே நின்றது. லேடர் (தரவரிசைப் போட்டி) இல்லை, கிளான் (ஆட்டக்காரர் குழு) இல்லை, பிளேயர் புரொஃபைல் இல்லை. இவையெல்லாம் பழைய கேமில் இருந்தவை! புதுசை வாங்காதவர்களும் தப்பவில்லை. ஆன்லைனில் ஆட அவர்களும் புது கிளையண்ட்டுக்கு (கேமை இயக்கும் மென்பொருளுக்கு) மாற வேண்டியிருந்ததால், பல வருஷம் முன்பு காசு கொடுத்து வாங்கியதில் பாதி வசதி போயிற்று. போதாக்குறைக்கு, ரசிகர்கள் செய்யும் மேப் எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று விதி வேறு. டோட்டா வேறு நிறுவனத்தின் கைக்குப் போன வயிற்றெரிச்சல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏன் இப்படி ஆனது? உள் ஆவணங்களைப் பார்த்து 2021 ஜூலையில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் எழுதியது: பட்ஜெட்டில் கை வைத்தார்கள், வேலைக்கு ஆள் போதவில்லை, மேலிடத்துக்கு இந்தச் சின்ன கேமில் அக்கறை இல்லை. முன்பதிவுப் பணம் வாங்கியாகிவிட்டதால் இன்னும் தள்ளிப்போடவும் வழியில்லை. அதாவது, ஆசையாக நாம் முன்கூட்டிக் கட்டிய பணமே, அரைகுறையாக வெளியிடுவதற்கான நெருக்கடியாக மாறியிருக்கிறது. எனக்கு ரொம்ப எரிச்சலூட்டியது இதுதான்.

எதிர்ப்பு வலுத்ததும், கேட்டவர்களுக்கு பிளிஸார்ட் பணத்தைத் திருப்பித் தந்தது. எனக்குத்தான் கிடைக்கவில்லை. நான் கீ (கேமைத் திறக்கும் குறியீடு) வாங்கியது ஒரு மறுவிற்பனைத் தளத்தில், பெயர் வேண்டாம். “கீ ஆக்டிவேட் ஆகிவிட்டது, நிறுவனத்தைக் கேளுங்கள்” என்றார்கள். நிறுவனத்தைக் கேட்டால், வாங்கிய இடத்தில் கேட்கச் சொன்னார்கள். அப்புறம் அந்தத் தளத்திலிருந்து பதிலே இல்லை.

லேடர் திரும்பி வர 2022 ஆயிற்று. ஓரளவு உருப்படியான 2.0 பதிப்பு 2024 நவம்பரில்தான் வந்தது. அதற்குள் என்னோடு ஆடிய பலர் வேறு கேமுக்குப் போய்விட்டார்கள்.

ஆகவே டெமோவை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வெளிவந்த பிறகு, வாங்கியவர்கள் ஆடிக் காட்டும் வீடியோவைப் பாருங்கள். இடைத்தரகரிடம் கீ வாங்குவதாக இருந்தால் ரீஃபண்ட் விதியை முதலில் படியுங்கள். ‘ஆக்டிவேட் செய்யும் வரை மட்டும்’ என்று இருந்தால், கேம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வழியே கிடையாது.