மூன்று கட்டடம், ஒரே லைன்: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

குமுளியில் எனக்குத் தெரிந்த ஒரு ஹோம்ஸ்டேயில் சாயங்காலம் ஆறு மணி ஆனால் வைஃபை படுத்துவிடும். நடத்துபவர் கம்பத்துக்காரர். "தம்பி, 100 எம்பி பிளான் போட்டிருக்கேன். ஸ்பீடு பார்த்தா 90 காட்டுது. ஆனா வாட்ஸ்அப் கால்ல பேச்சு வெட்டி வெட்டி வருது, ஸ்கேன் பண்ணிக் காசு போட்டா சுத்திக்கிட்டே நிக்குது" என்றார். ரோட்டோரம் ஆபீஸும் கடையும், பின்னால் தங்கும் அறைகள், சரிவில் இறங்கினால் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர். நடுவில் எல்லாம் மரங்கள்.

வேகம் வேறு, தாமதம் வேறு. லாரியில் எத்தனை மூட்டை ஏறும் என்பது வேகம். செக்போஸ்டில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது தாமதம். பேச்சுக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் இரண்டாவதுதான் முக்கியம். தொலைபேசிப் பேச்சு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லி செகண்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை.

அவர் முதலில் வைத்திருந்தது ரிப்பீட்டர். விலை குறைவு, பிளக்கில் செருகினால் போதும், சிக்னலும் முழுக் கோடு காட்டும். அந்த முழுக் கோடுதான் ஆளை ஏமாற்றுகிறது. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ரிப்பீட்டரோ கேட்டதையெல்லாம் பெரும்பாலும் அதே சேனலில் இன்னொரு தடவை சொல்கிறது. ஒரு பாக்கெட்டுக்கு, அதாவது டேட்டாவின் ஒரு சின்னத் துண்டுக்கு, இரண்டு முறை நேரம் போகிறது. அதற்குப் பின்னால் இன்னொரு ரிப்பீட்டர் வைத்தால் மூன்று முறை. இவர் அப்படித்தான் வைத்திருந்தார்.

கடைக்காரர் அடுத்து மெஷ் வாங்கச் சொல்லியிருந்தார். மெஷ் என்றால் பல வைஃபை பெட்டிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே நெட்வொர்க்காக ஓடுவது. அது கெட்டது இல்லை. பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ இருக்கிற மாடலாக இருந்தால், மேலே சொன்ன இரட்டைச் செலவு பெருமளவு குறையும். அந்தத் தனி ரேடியோ இல்லாத மெஷ், நல்ல டப்பாவில் வரும் ரிப்பீட்டர், அவ்வளவுதான். குமுளி மாதிரி ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்டிகளுக்கு நடுவே பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸில்தான் பேச்சு போகும். இலை நனைந்தால் அந்த அலை நன்றாகவே சோர்ந்துவிடும். ஜூன் மாதம் முழுக்க இங்கே இலை காய்வதில்லை.

மூன்றாவது, ஒவ்வொரு கட்டடத்துக்கும் கேபிள் இழுத்து, முனையில் வைஃபை தரும் பெட்டியான ஒரு ஆக்சஸ் பாயிண்ட். தாமதத்தை மட்டும் பார்த்தால் இதோடு மற்ற இரண்டும் போட்டி போடவே முடியாது. கட்டடத்துக்குக் கட்டடம் போவதற்குக் காற்றே செலவாகாது. போனுக்கும் பெட்டிக்கும் நடுவே மட்டும்தான் வைஃபை. கேட்-6 செம்புக் கேபிள் 100 மீட்டர் வரை போகும், அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பலாம். ஆனால் மலையில் வெளியே செம்பு இழுப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கினால் கேபிளின் இரு முனையிலும் போர்ட் போய்விடும். ஒரே மாதத்தில் இரண்டு சுவிட்சைக் கருக்கிய இடத்தை நானே பார்த்திருக்கிறேன். கட்டடங்களுக்கு நடுவே உலோகக் கம்பி இல்லாத ஃபைபரும், இரு முனையிலும் ஒளியை மின்சிக்னலாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டரும் போட்டால் அதன் வழியாக மின்னல் வராது. செலவு கொஞ்சம் கூடும். மின்சார வயரிலேயே டேட்டா அனுப்பும் அடாப்டரைப் பற்றியும் கேட்டார். மோட்டார் ஓடுகிற இடத்தில் அது வேண்டாம் என்று முடித்துக்கொண்டேன்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். ரிசப்ஷன் மேசையில் லேப்டாப்பை ரூட்டரோடு வயரில் இணைத்து, இரண்டு ஜன்னலில் பிங் ஓடவிட்டேன். ஒரு சின்னப் பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் சோதனை அது. ஒன்று ரூட்டருக்கு, இன்னொன்று வெளியே. நாலு மணிக்கு ரூட்டர் 1 மில்லி செகண்ட், வெளியே 30. தேக்கடிப் படகில் யானை பார்த்துவிட்டு விருந்தினர்கள் திரும்பினார்கள். போன்கள் எல்லாம் வைஃபையைக் கண்டதும் படங்களைத் தானாக மேலே ஏற்ற ஆரம்பித்தன. ரூட்டர் அப்போதும் 1 தான். வெளியே 400, 600 என்று ஏறியது. அவர் திரையைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். "அப்போ யானைதான் காரணமா?" என்றார்.

கிட்டத்தட்ட அதேதான். ரூட்டர் எதையும் விட்டெறியாமல் நினைவில் அடுக்கி வைத்துக்கொள்கிறது. பணம் போடும் சின்னப் பாக்கெட் நூறு படங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. மூன்றில் எதை வாங்கியிருந்தாலும் சிக்கலின் இந்தப் பாதி அப்படியே இருந்திருக்கும். இதற்கு மருந்து 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடல் முறை. வரிசையில் காத்திருப்பு 5 மில்லி செகண்டுக்கு மேலேயே 100 மில்லி செகண்ட் நீடித்தால், பாக்கெட்டை விட்டெறிந்து அனுப்புகிறவரை நிதானப்படுத்தும். இதன் அடுத்த வடிவமான எஃப்க்யூ-கோடல், ஒவ்வொரு பேச்சுக்கும் தனி வரிசை கொடுக்கிறது. லாரிக்குப் பின்னால் ஜீப் நிற்க வேண்டியதில்லை. இந்த வசதி உள்ள ரூட்டரில் இது எஸ்க்யூஎம் என்ற பெயரில் இருக்கும். லைன் தருவதைவிடக் கொஞ்சம் குறைத்து வேகத்தை அமைக்க வேண்டும். 90 வருகிற லைனுக்கு 82 வைத்தேன். "காசு கொடுத்த ஸ்பீடைக் குறைக்கிறியே" என்று முகம் சுளித்தார். மறுநாள் சாயங்காலம் பிங் 45-ஐத் தாண்டவில்லை.

அப்புறம் அறைக் கட்டடத்துக்கு ஃபைபர் போட்டு இரண்டு ஆக்சஸ் பாயிண்ட் வைத்தோம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 சேனல்களை மட்டும் பிரித்துக் கொடுத்து, அனுப்பும் சக்தியைக் குறைத்தேன். எந்தப் பெட்டியோடு ஒட்டுவது என்று முடிவு செய்வது போன்தான். தூரத்துப் பெட்டி உரக்கக் கூவினால் அது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். நடந்துகொண்டே பேசுகிறவர்களுக்காக, போன் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குச் சீக்கிரம் மாற உதவும் 802.11ஆர் போட்டேன். அதைப் புரிந்துகொள்ளாத பழைய போன் ஒன்று சேரவே மறுத்தது. அதற்காக இன்னொரு வைஃபை பெயர் வைக்க வேண்டியதாயிற்று. பெயர்களைக் கூட்டிக்கொண்டே போகவும் கூடாது. ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் நொடிக்குச் சுமார் பத்து முறை தன்னை அறிவிக்கும், அதுவும் காற்றுச் செலவு.

ஸ்டோரில் இருந்த ரிப்பீட்டரை மட்டும் கழற்றவில்லை. அங்கே இருப்பது சூட்டைக் காட்டும் ஒரு சென்சார். அரை நிமிடம் தாமதமாகச் சொன்னாலும் ஏலக்காய் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.