மாமரத்தடியில் முறிகூட்டி: சில வருட அனுபவம்

புல் வைத்தால் நிற்காத மரத்தடிக்கு என்ன நடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது முறிகூட்டிதான். சில நர்சரிகளில் ரெட் ஐவி என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஐவிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, இது நம்ம கனகாம்பரத்தின் குடும்பம். நாகர்கோவில் பக்கம் எங்கள் வீட்டு மாமரத்தைச் சுற்றி இது படர்ந்து சில வருடங்கள் ஆகின்றன.

போட்டோவில் தெரியும் இலையின் ஊதாவை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மேலிருந்து பார்த்தால் சாம்பலும் பச்சையும் கலந்து லேசாக உலோக மினுமினுப்பு, ஓரமெல்லாம் பல் பல்லாக, நரம்புகளுக்கு நடுவே உப்பலாக இருக்கும். இலையைப் புரட்டினால்தான் அசல் நிறம், நல்ல நாவல்பழக் கருப்பு. காலை வெயில் சாய்வாக விழும் கிழக்கு ஓரத்தில் மேல்பக்கமும் ஊதா ஏறி அழகாக நிற்கிறது, அடிமரத்தை ஒட்டிய இருட்டில் அதே செடி பச்சையாகவே இருக்கிறது. மதிய வெயில் நேராக விழும் இடத்தில் துவண்டுவிடும், தண்ணீர் விட்டால் நிமிரும், ஆனால் இலை ஓரம் கருகியது கருகியதுதான். பூ வெள்ளையாகச் சின்னதாக வரும், அதற்காக யாரும் வளர்ப்பதில்லை.

நடுவது சுலபம். மூன்று நான்கு கணு உள்ள தண்டை ஒடித்து, ஜூன் மழை பிடித்ததும் ஒரு சாண் இடைவெளியில் ஈர மண்ணில் செருகினால் போதும், மண்ணில் படும் கணுவெல்லாம் வேர்விடும். இதே குணம்தான் தொல்லையும். நடைபாதைக்குள் வந்துவிடும், வெட்டியதைக் குப்பைக்குழியில் பச்சையாகப் போட்டால் அங்கேயும் பிடித்துக்கொள்ளும், அதனால் காயவைத்துப் போடுங்கள். நீண்டுபோன தண்டுகள் நடுவில் மொட்டையாகும்போது கவாத்து செய்து, வெட்டிய நுனிகளையே அந்த இடைவெளியில் செருகிவிடுவேன்.

யாரும் சொல்லாத தொந்தரவு ஒன்று உண்டு, மாவிலைச் சருகு. பெரிய இலைகள் செடிமேல் அப்படியே படுத்துக்கொண்டு அடியில் இருப்பதை மூடிவிடும், விளக்குமாறு போட்டால் மேலாக வேர்பிடித்த தண்டும் சேர்ந்து வரும், கையால்தான் பொறுக்க வேண்டும். மழைக்காலத்தில் பொறுக்கும்போது அடியில் நத்தையும் கிடைக்கும். மிதித்தால் தாங்காது, பிள்ளைகள் ஓடியாடும் இடத்துக்கு இது சரிப்படாது.

சின்னக் காயத்துக்கு இலையைக் கசக்கிச் சாறு விடும் பழக்கம் எங்கள் பக்கமும் கேரளத்திலும் உண்டு, அம்மா இன்னும் செய்கிறார்கள். ஆழமான வெட்டு என்றால் நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன்.

சரி, உங்களிடம் இருப்பது மொட்டை வெயில் இடம் என்றால்? அப்போது மெக்சிகோவிலிருந்து வந்த பர்ப்பிள் ஹார்ட் வையுங்கள். தண்டு சதைப்பற்றாக இருப்பதால் வறட்சி தாங்கும், வெயில் கூடக் கூட ஊதாவும் ஏறும். அதன் சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், அதனால் வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.