மலிபன் வீதித் தாள்கடையும் ஒரு வன்னிப் பள்ளிக்கூடமும்

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கற்றல் உபகரணம் வாங்கி அனுப்பலாம் என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பு புறக்கோட்டை மலிபன் வீதியில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்குள் உண்மையில் இரண்டு கடைகள் இருக்கின்றன. வாசலில் தொங்கும் அச்சுப் படங்கள், பிளாஸ்டிக் கடிகாரங்கள், எண்சட்டங்கள், விளையாட்டுக் காசு எல்லாம் முன்கடை. உள்ளே, மாடிப்படிக்குக் கீழே, டிமை என்னும் பெரிய அளவுத் தாளும் பிரிஸ்டல் போர்டு என்னும் தடித்த வண்ண அட்டையும் கட்டுக் கட்டாக அடுக்கிய மரத்தட்டு பின்கடை. முன்கடைக்கு ஐந்தில் இரண்டு புள்ளி கொடுப்பேன், பின்கடைக்கு நாலரை. கடையின் பெயரைப் போடவில்லை. அந்தத் தெருவில் பாதிக் கடைகளின் கதை இதுதான்.

வன்னியில், மாங்குளத்திலிருந்து உள்ளே போகும் ஓர் ஊரில் என் தங்கை தரம் 1க்குப் படிப்பிக்கிறாள். தரம் 5 வரை மட்டுமே உள்ள சின்னப் பள்ளிக்கூடம். கொழும்பில் இருக்கும் அந்த ஊர்க்காரர் சிலர் காசு சேர்த்துத் தவணைக்கு ஒருமுறை பொருள் அனுப்புகிறோம். என் அலுவலகம் கோட்டையில் இருப்பதால் வாங்கும் வேலை என் தலையில்.

முன்கடையின் குறை தாளிலேயே தொடங்குகிறது. விலங்கு, பழம், வாகனம் என்று எல்லாப் படமும் மினுங்கும் லமினேட் தாளில் வருகிறது. கடையின் குழல்விளக்கில் பார்க்க அழகுதான். தங்கையின் வகுப்பறைக்கோ அரைச்சுவர். வெளிச்சம் ஒரு பக்கத்தால் கொட்டுகிறது. மறுபக்கத்து மேசையில் இருக்கும் பிள்ளைக்குப் படத்தில் நிற்பது யானையா எருமையா என்று தெரியாது, பளபளப்பு மட்டும் தெரியும். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் ஆணியில் தொங்கும் அந்தப் படம் நாள் முழுவதும் சுவரில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். யாரோ ஒரு நலன்விரும்பி சென்ற ஆண்டு அனுப்பிய படங்கள் இப்போது அதிபரின் அலுமாரிக்கு மேல் சுருட்டியபடி கிடக்கின்றன. தங்கை தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அக்கா, படம் வேண்டாம். தாள் அனுப்புங்கள்."

கடிகார மாதிரி இன்னும் மோசம். இரண்டு முள்ளையும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் பொத்தானால் பிடித்திருக்கிறார்கள். நிமிர்த்திப் பிடித்தால் நிமிட முள் வழுக்கிக்கொண்டு ஆறில் போய் நிற்கும். ஒன்பது மணி வைத்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினால் கடிகாரம் ஒன்பதரை காட்டும். அந்த வகுப்புப் பிள்ளைகள் அரை மணியை மட்டும் அப்பழுக்கில்லாமல் கற்றுக்கொண்டு வெளியேறுவார்கள். விளையாட்டுக் காசுப் பைக்கட்டைத் திறந்தால் காந்தி சிரிக்கும் இந்திய நோட்டுகள். ஐந்து, பத்து, இருபது ரூபாய்க் குற்றிகளோடு கடைக்கு ஓடும் வன்னிப் பிள்ளைக்கு அது எதற்கு? எண்சட்டம் மட்டும் பரவாயில்லை. மணிகள் பெரிது, சட்டம் மரம், விலையும் நியாயம்.

முன்கடையில் இன்னொரு தொல்லையும் உண்டு. தரம் 5 புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்களைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே குவித்து வைத்திருக்கிறார்கள். தரம் 1க்கு வாங்க வந்திருக்கிறேன் என்று சொன்னாலும், "இப்போதே பழக்கினால் நல்லது, டீச்சர்" என்று கல்லாவில் இருக்கும் இளைஞர் ஒன்றை எடுத்து நீட்டுவார். நான் டீச்சர் இல்லை என்று சொல்வதை எப்போதோ விட்டுவிட்டேன்.

பின்கடையில் இருப்பவர் ஒரு முஸ்லிம் பெரியவர், நானா என்றுதான் கூப்பிடுவோம். பேச்சு குறைவு. எதற்குத் தாள் என்று முதலில் கேட்பார், பிறகுதான் கட்டை அவிழ்ப்பார். சுவரில் ஒட்டுவதற்கா, பிள்ளைகள் வெட்டி ஒட்டுவதற்கா, எழுதி அழிப்பதற்கா என்பதைப் பொறுத்து வேறு வேறு தாளைக் காட்டுவார். டிமை தாள் எண்ணுவதைப் பார்க்கவேண்டும். கட்டின் ஒரு மூலையை வளைத்து விசிறியாக விரித்து, பெருவிரலால் ஐந்து ஐந்தாகத் தள்ளுவார். எண்ணி முடித்ததும் மூலை கசங்கியதை உருவி எறிந்துவிட்டு வேறு வைப்பார். கேட்காமலே செய்கிற வேலை இது. டசின் கணக்கில் எடுத்தால் வெள்ளவத்தை விலைக்கும் இங்குள்ள விலைக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இரண்டு மூன்று தாளுக்காக 100ஆம் இலக்க பஸ்ஸிலோ 101இலோ இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை.

அங்கே நான் கண்டெடுத்த சிறந்த பொருள் வெட்டுத்துண்டு. பிரிஸ்டல் போர்டை அளவுக்கு வெட்டும்போது மிஞ்சும் கீற்றுகள், எல்லா நிறத்திலும், கிலோக் கணக்கில். 2022 நெருக்கடியில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. அன்று ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. அதனால் முழு பிரிஸ்டல் போர்டை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து வெட்டச் சொல்ல ஆசிரியருக்கு மனம் வராது. வெட்டுத்துண்டு என்றால் வரும். 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தின்படி தரம் 1, 2 வகுப்புகளில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும்தான் முதலிடம், எழுத்து வேலை அதற்குப் பின்னால். அப்படிப்பட்ட வகுப்பில் பிள்ளையின் கையில் பட்டுத் தேய்கிற பொருளுக்குத்தான் காசு செலவழிக்கவேண்டும். அந்தக் கீற்றுகள் எண் அட்டையாகின்றன, சொல் அட்டையாகின்றன. சுற்றாடல் பாடத்துக்குப் பாலை, முதிரை, வேம்பு இலைகளை ஒட்டி அடியில் பெயர் எழுதும் பட்டியாகின்றன.

பள்ளிக்கூடத்தில் சிறுவர் சந்தை நடந்தபோது நானும் போயிருந்தேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தார் முற்றத்தில் கிடுகுப் பந்தல் போட்டிருந்தார்கள். வீட்டில் காய்த்த முருங்கைக்காய், கீரை, தேசிக்காய், தாய்மார் சுட்டுக்கொடுத்த வடை என்று பிள்ளைகள் பரப்பியிருக்க, ஒவ்வொன்றின் மேலும் நம் வெட்டுத்துண்டில் எழுதிய விலை. தரம் 3 பையன் ஒருவனிடம் கீரை ஒரு பிடி 40 ரூபாய். ஒரு பெரியவர் 100 ரூபாய் நோட்டை நீட்டினார். பையன் கழித்துப் பார்க்கவில்லை. விலைத்துண்டில் விரலை வைத்து "நாற்பது" என்று தொடங்கி, பத்து ரூபாய்க் குற்றிகளை ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்து, "ஐம்பது, அறுபது" என்று எண்ணிக்கொண்டே போனான். அவர் இடையில் கையை மூடப் பார்த்தார். "பொறுங்கள் அப்பு, இன்னும் நூறு வரவில்லை" என்றான். முன்கடையில் விற்கிற எந்தக் கணித உபகரணமும் இந்த வேலையைச் செய்யாது.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், ஜும்ஆ தொழுகைக்கு அடைத்திருப்பார்கள். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்திலும் பூட்டுத்தான். பில்லைப் பாடசாலையின் பெயருக்கு, முத்திரை குத்தி, கையோடு கேட்டு வாங்குங்கள். துண்டுக் கடதாசியில் கூட்டிக் கொடுத்துவிட்டு அதுதான் பில் என்பார்கள். அதை வைத்து அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர் கணக்கு எழுத முடியாது. தாளை மடிக்க விடாதீர்கள். நானாவிடம் சொன்னால் பாய் சுருட்டுவதைப் போல இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையிலும் அட்டை வைத்துச் சணல் கயிற்றால் கட்டித் தருவார். ஏ9 வழியாகப் போகும் இரவு பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுத்தால் விடிய மாங்குளத்தில் இறங்கிவிடும். கட்டின் மேல் பெறுபவரின் தொலைபேசி இலக்கத்தை இரண்டு இடத்தில் எழுதுங்கள்.

வெண்கட்டி மட்டும் இந்தக் கடையில் வேண்டாம். பெட்டி மலிவாக இருக்கும், ஆனால் பாதி உடைந்தது, மீதி கரும்பலகையில் கீறும். அதை ஊருக்குப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளும்படி தங்கைக்குக் காசை அனுப்பிவிடுகிறேன்.