பல் செட் டப்பா: மூடிக்காக ஒரு ஸ்டார் குறைத்திருக்கிறேன்

149 ரூபாய் பிளாஸ்டிக் டப்பாவுக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று கேட்காதீர்கள். இது போன ஜனவரியிலேயே வீட்டில் இருந்திருந்தால் ஒரு கோயம்புத்தூர் பயணம் மிச்சமாகியிருக்கும்.

மாமனாருக்கு மேல்வரிசையில் மூன்று பல், கழற்றி மாட்டுகிற செட். ராத்திரி கழற்றி டம்ளர் தண்ணீரில் போட வேண்டும். ஆனால் நீலகிரி மலையில் எங்கள் அருவங்காட்டு ஜனவரிக் குளிரில் விடிகாலை அந்தத் தண்ணீரில் விரலை விட முடியாது, எடுத்து வாயில் வைத்தால் ஈறு மரத்துப்போகிறது என்று மனுஷர் மாட்டிக்கொண்டே தூங்க ஆரம்பித்துவிட்டார். கம்பிக் கொக்கி லூசாகிவிட்டதையும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேச்சு வருகிறது, மூச்சு வருகிறது, எச்சில் மட்டும் இறங்கவில்லை. ராத்திரி சாப்பிட்ட மீனின் முள்தான் என்று நினைத்து அத்தை வெறும் சோற்றை உருட்டி விழுங்கவைத்து, அதற்கு மேல் ஒரு வாழைப்பழமும் கொடுத்துவிட்டார். செட்டைக் காணோம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. தயவுசெய்து இப்படிச் சோற்றையும் பழத்தையும் விழுங்கவைக்காதீர்கள். கொக்கி இன்னும் ஆழமாகக் குத்தும், எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்பவருக்குச் சோறு வழியை மறைக்கும், மயக்க மருந்து கொடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போகிற ஆபத்தும் இருக்கிறது.

முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "ஒன்றும் இல்லை, கட்டிலுக்கு அடியில் தேடிப் பாருங்கள்" என்றார்கள். தேடாமலா வந்தோம்! செட்டின் ரோஸ் கலர் பகுதி அக்ரிலிக், அது எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது; கம்பி மட்டும் மெல்லிய கோடாகத் தெரியும், அந்தக் கோட்டை யாரும் கவனிக்கவில்லை. விடிந்ததும் பர்லியாறு வழியாக மலை இறங்கினோம், வழி முழுக்க மாமா ஒரு கிண்ணத்தில் எச்சிலைத் துப்பிக்கொண்டே வந்தார். கோயம்புத்தூரில் சிடி ஸ்கேனைப் பார்த்ததும் உடனே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். உணவுக்குழாயில் கூரான பொருள் நின்றால் முடிந்தவரை 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டுமாம், எச்சிலே இறங்காவிட்டாலும் அதே அவசரம்தானாம். குழாயில் ஓட்டை விழுந்தால் நெஞ்சுக்குள் சீழ் பிடித்துவிடும். வெளியே வரும்போது கொக்கி கிழித்துவிடாமல் இருக்க, செட்டை இன்னொரு குழாய்க்குள் இழுத்து எடுத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

சரி, டப்பாவுக்கு வருகிறேன். உள்ளே ஒரு வலைத்தட்டு இருக்கிறது, அதைத் தூக்கினால் செட் மேலே வந்துவிடும், பச்சைத் தண்ணீரில் கை வைக்கவே வேண்டாம். மாமா மசிந்தது இதற்குத்தான். காலையில் அத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முறை அலசிக் கொடுக்கிறார். கொதிக்கிற தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், அக்ரிலிக் நெளிந்து மறுபடியும் லூசாகும். மூடிதான் மோசம். குளிரில் விறைத்த வயசான விரலுக்குத் திறக்கவே மாட்டேன் என்கிறது. இவ்வளவு இறுக்கமான மூடி ஒழுகாமலாவது இருக்க வேண்டாமா, பையில் வைத்தால் சொட்டுகிறது.

புது செட் அளவெடுத்துச் செய்தாயிற்று. பழையதை மாமா தூக்கிப்போட விடவில்லை, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். அதனால் டப்பா இரண்டு வாங்க வேண்டியதாயிற்று.