சாலையோரப் பார்த்தீனியம்: பிடுங்குவதா, மருந்து தெளிப்பதா?

மழைக்குப் பின் சாலையோரத்திலும் நடைபாதை இடுக்குகளிலும் பார்த்தீனியக் களை தழைத்ததும், ஆள் விட்டுப் பிடுங்குவதா, கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்தைத் தெளிப்பதா என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது.

செலவு: பிடுங்குவதற்குக் கூலியும் நாளும் கூடும். தெளிப்புக்கு ஓரிருவரே போதும்.

நிலைப்பு: ஒரே செடி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கக்கூடியது என்பதால், எந்த வழியானாலும் வெள்ளைப் பூ தலைகாட்டும் முன் முடித்துவிட வேண்டும். மண் ஈரமாக இருக்கையில் தண்டின் அடியைப் பிடித்து இழுத்தால் ஆணிவேர் முழுதாக வந்துவிடும். மண் இறுகியபின் இழுத்தாலோ தண்டு அறுந்து, மிஞ்சிய கட்டை மீண்டும் துளிர்க்கும். கிளைபோசேட் இலை வழியே வேர்வரை இறங்கும் என்றாலும், மண்ணில் கிடக்கும் விதைகளை ஒன்றும் செய்யாது. தெளித்த சிறிது நேரத்தில் மழை பெய்தால் மருந்தும் வீண்.

பாதுகாப்பு: வெறுங்கையால் பிடுங்குவோருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரக்கூடும், கையுறையும் முகக்கவசமும் தராமல் தூய்மைப் பணியாளர்களை இதில் இறக்குவது அநியாயம். கிளைபோசேட்டை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருளாக 2015-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி மத்திய அரசும் 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது.

பள்ளி, சந்தை, ஆடுமாடு மேயும் ஓரங்கள், மழைநீர் வடிகால் ஆகியவற்றின் அருகே பிடுங்குவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு தங்கிவிடும் கோரை, ஆள் நடமாட்டமற்ற நெடுஞ்சாலை நடுத்திட்டில் மண்டியிருந்தால், பயிற்சி பெற்றவரைக் கொண்டு காற்றில்லாத காலைவேளையில் தெளிக்கலாம்.