கழுத்திலிருந்து வழியும் நீர்: டேட் மாடர்னில் காரா வாக்கர்

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் டர்பைன் கூடத்தில், 2019 அக்டோபரில் அமெரிக்கக் கலைஞர் காரா வாக்கரின் 'ஃபான்ஸ் அமெரிக்கானஸ்' என்ற நீரூற்றுச் சிற்பம் திறக்கப்பட்டது. அனுமதி இலவசம், அவசரமில்லாத ஒரு மணி நேரம் மட்டும் தேவைப்பட்டது.

பக்கிங்காம் அரண்மனைக்கு முன்னுள்ள விக்டோரியா நினைவுச்சின்னத்தின் சாயலில் எழுப்பிய, 13 மீட்டர் உயரமுள்ள நீரூற்று இது. அங்கே உச்சியில் பொன் முலாம் பூசிய வெற்றித் தேவதை நிற்கிறாள். இங்கே நின்றவளோ தலையைப் பின்னே சாய்த்த கறுப்பினப் பெண். அவளுடைய மார்பிலிருந்தும் அறுபட்ட கழுத்திலிருந்தும் நீர் பீறிட்டு ஒரே தொட்டியில் விழுந்தது. எது பால், எது குருதி என்று பிரித்தறிய முடியாத அந்த நீரைப் பார்த்தபோது, தாயின் உடலில் பட்ட காயம் பிள்ளைகளுக்கு எப்படிச் சேர்கிறது என்பதை இதைவிட எளிமையாக யாரும் காட்டிவிட முடியாது என்றே தோன்றியது.

தொட்டியில் படகும் சுறாக்களும் இருந்தன. காப்பீட்டுப் பணத்துக்காக 1781இல் 'சாங்' என்ற அடிமைக் கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட அடிமைகளைக் கடலில் தள்ளிய வரலாற்றை அறிந்தவருக்கு அவை வெறும் அலங்காரமாகத் தெரிந்திருக்காது. ஆனால் மேலை ஓவியங்களைச் சுட்டும் உருவங்கள் இதில் அதிகம் இருந்தன. அவற்றை முன்பே அறியாதவருக்குப் பாதிச் சிற்பம் பேசாமலே நின்றிருக்கும். இதை ஒரு குறையாகவே கருதுகிறேன்.

அந்தக் குறை சற்றும் இல்லாதது, தனியே வைத்திருந்த சிப்பி. அதற்குள் நீரில் மூழ்கும் சிறுவனின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. சியரா லியோனில் பிரிட்டிஷாரின் அடிமை வணிகக் கோட்டை இருந்த பன்ஸ் தீவை நினைவூட்டும் உருவம் அது. பெரிய நீரூற்றை நோக்கி விரைந்தவர்கள் இதைக் கடந்துவிட்டிருக்கக் கூடும். நான் திரும்பவும் வந்து நின்றது இதன் முன்னால்தான்.

கலைக்கூடத்துக்குப் பெயர் தந்த ஹென்றி டேட் சர்க்கரை ஆலை அதிபர். அடிமை முறை ஒழிந்த பின் தொழில் தொடங்கியவர் என்றாலும், கரும்புத் தோட்டங்களின் கதை அத்துடன் முடியவில்லை; 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நம்மவர்களும் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். ஆகவே இந்த நீரூற்றை அயலார் துயரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

நீரூற்று பளிங்கு போலத் தோன்றினாலும், உள்ளே இருந்தவை தக்கையும் மரமும் உலோகமும்தான். கண்காட்சி முடிந்ததும் மறுபயன்பாட்டுக்குப் போகட்டும் என்றே அவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். விக்டோரியாவின் சின்னம் மட்டும் 1911 முதல் அதே இடத்தில் நிற்கிறது.